ஏடிஆர் 72 காத்தாடி ப்ளைட்: தூத்துக்குடிக்காரனோட ரிவ்யூ

சென்னையில வேல பாக்குற தூத்துக்குடிக்காரன் நான், இந்த ஏடிஆர் 72ல எத்தன தடவ ஏறி இறங்கியிருக்கேன்னு கணக்கே இல்ல. ஆபீஸ்ல யார்கிட்ட சொன்னாலும் மொத கேள்வி ஒண்ணுதான், அந்த காத்தாடி வச்ச குட்டி ப்ளைட்லயா போற, பயமா இல்லையா, அது பழைய மாடலாச்சேன்னு. அதுக்கு ஒரு தடவ முழுசா பதில் எழுதிடணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு. ஏர்லைன்ஸ் ரிவ்யூ ஆயிரம் கிடக்கு, ப்ளைட்டுக்குன்னு ரிவ்யூ யாரும் எழுதுறதில்ல, அதனால இது ப்ளைட்டுக்கு மட்டும்.

மொதல்ல பழைய மாடல்ங்குற பேச்சு. காத்தாடி இருந்தா பழசுன்னு நம்மாளுங்களுக்கு ஒரு எண்ணம் ஊறிப்போச்சு. அந்த காத்தாடிய சுத்துறது உள்ள இருக்குற ஜெட் இஞ்சின் மாதிரியான ஒரு டர்பைன்தான், அதனாலதான் டர்போப்ராப்னு பேரு. ஜெட்ல காத்த பின்னால பீச்சி தள்ளுவாங்க, இதுல அந்த சக்தியில பெரும்பகுதி ஆறு பிளேடு ப்ரொபெல்லர சுத்துறதுக்கு போகுது. இஞ்சின் கனடாவுல இருக்குற பிராட் அண்ட் விட்னியோட பிடபிள்யூ127. ப்ளைட்ட பண்றது பிரான்ஸும் இத்தாலியும் சேந்து 1981ல ஆரம்பிச்ச ஏடிஆர்ங்குற கம்பெனி, இப்ப ஏர்பஸ்ஸும் இத்தாலி கம்பெனி லியோனார்டோவும் ஆளுக்கு பாதி, ப்ளைட் முழுசாகி வெளிய வர்றது ஏர்பஸ் இருக்குற அதே பிரான்ஸ் ஊரு துலூஸ்ல. 72 மொத தடவ பறந்தது 1988 அக்டோபர்ல, சரியா ஒரு வருஷம் கழிச்சு பின்லாந்துல பயணிகள ஏத்த ஆரம்பிச்சுது. ஆனா இப்ப நாம ஏறுறது 600 சீரிஸ், 2011ல சர்வீஸுக்கு வந்தது, காக்பிட்ல முழுக்க ஸ்க்ரீன்தான். 88ல வந்த பேர வச்சுக்கிட்டு பழசுன்னு சொன்னா அத விட பழசு போயிங் 737, அது 60கள்ல இருந்து பறக்குது.

தூத்துக்குடிக்கு இது ஏன் முக்கியம்னா வாகைகுளம் ஏர்போர்ட் ரன்வே சமீப காலம் வரைக்கும் 1,350 மீட்டர்தான். அந்த நீளத்துல ஏர்பஸ் 320 ஆள் நெறைய ஏத்திக்கிட்டு வந்து இறங்கி திரும்ப ஏறுறதெல்லாம் நடக்காத காரியம். ஸ்பைஸ்ஜெட்டோட க்யூ400 வந்துச்சு, இண்டிகோவோட ஏடிஆர் வந்துச்சு, ரெண்டுமே காத்தாடிதான். இது இல்லன்னா முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி முழுக்க உருளணும், இல்லன்னா மதுரையில இறங்கி கார் பிடிச்சு ரெண்டரை மணி நேரம் ரோட்ல வரணும். 2025 ஜூலைல புது டெர்மினலும் மூணு கிலோமீட்டருக்கு மேல நீளமான ரன்வேயும் தொறந்தாச்சு, இனிமே பெரிய ப்ளைட் இறங்கலாம். சந்தோஷம்தான். ஆனா அன்னைக்கு ஊர்ல சில பேரு அப்பாடா இனிமே அந்த டப்பா ப்ளைட்ல போக வேண்டாம்னு பேசுனப்ப எனக்கு நெஜமாவே மனசு வலிச்சுது, இத்தன வருஷம் யாரும் வராத ஊருக்கு வந்துட்டு போனது அதுதானே.

சரி, ஏறுற கதைக்கு வருவோம். இதுல பயணிங்க ஏறுற கதவு வால் பக்கம், முன்னாடி இல்ல. முன்னாடி காக்பிட்டுக்கும் சீட்டுக்கும் நடுவுல லக்கேஜ் வைக்குற ரூம் இருக்கு, அதனால பைலட்டுங்க கூட பின் கதவுல ஏறி நம்ம சீட்டுக்கு நடுவுலதான் நடந்து முன்னாடி போவாங்க. கதவ தொறந்தா அதோட உள்பக்கமே படிக்கட்டு, மொத்தமே அஞ்சாறு படிதான். அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் ஆப்பரேஷன் பண்ணி கூட்டிட்டு வந்தப்பதான் அந்த அஞ்சாறு படியோட அருமை எனக்கு புரிஞ்சுது. பெரிய ப்ளைட்டுக்கு ஏணி வச்சா இருபது படி வரும், அம்மாவால ஆகாது, இதுல கைப்பிடிய பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா அவங்களே ஏறிட்டாங்க.

ஏறுறதுக்கு முன்னாடி அம்மா கண்ணுல பட்டது வாலுக்கு அடியில நட்டு வச்சிருந்த ஒரு கம்பி. ஏய்யா இது என்னத்துக்கு முட்டு குடுத்து வச்சிருக்காவன்னு கேட்டாங்க. மாட்ட அவுத்து விட்டா வண்டி சாயாம முட்டு குடுத்து நிறுத்துவாங்கல்ல, அதே கததான். ஆளுங்க எல்லாம் பின்னாடி கதவுல மொத்தமா ஏறும்போது வால் பக்கம் பாரம் கூடிட்டா மூக்கு தூக்கிடும், அதுக்குத்தான் அந்த முட்டு, கெளம்புறதுக்கு முன்னாடி எடுத்துருவாங்க. இதே காரணத்தாலதான் கூட்டம் கம்மியா இருக்குற அன்னைக்கு ஏர்ஹோஸ்டஸ் வந்து சார் நீங்க கொஞ்சம் அந்த ரோவுக்கு மாறி உக்காருங்கன்னு கேப்பாங்க. நெறைய பேரு அதுக்கு கோவப்பட்டு சண்ட போடுறத பாத்திருக்கேன், தயவு செஞ்சு போடாதீங்க, பாரத்த சமமா வைக்கத்தான் கேக்குறாங்க.

அடுத்தது அம்மா ஜன்னல்ல பாத்துட்டு பதறுனது. இந்த பக்கம் காத்தாடி சுத்தலையே யா, ஆனா இஞ்சின் சத்தம் மட்டும் கேக்குதே, ரிப்பேரான்னு. வலது பக்க ஜன்னல். எம்மா அது அப்படித்தாம்மான்னு உக்கார வச்சு சொன்னேன். பெரிய ப்ளைட்ல தரையில நிக்கும்போது ஏசிக்கும் கரண்டுக்கும் வாலுல தனியா ஒரு குட்டி இஞ்சின் இருக்கும், ஏடிஆர்ல அது கிடையாது, வெயிட்டும் செலவும் மிச்சம். பதிலா வலது இஞ்சின ஓட விட்டு அதோட ப்ரொபெல்லருக்கு மட்டும் பிரேக் போட்டு பிடிச்சு வச்சுருவாங்க. ஓட்டல் மோடுன்னு இதுக்கு பேரு. கதவும் படியும் இடது பக்கம்ங்குறதால அந்த பக்கம் காத்தாடி, இஞ்சின் ரெண்டுமே நின்னுருக்கும், ஜனங்க நிம்மதியா ஏறலாம். கெளம்பும்போது பிரேக்க எடுத்ததும் ஒரு நிமிஷத்துல பிளேடு கண்ணுக்கு தெரியாம சுத்த ஆரம்பிச்சுரும், அம்மா அத கண்கொட்டாம பாத்துக்கிட்டே இருந்தாங்க.

டேக் ஆஃப்ல ஒரு விஷயம், புதுசா போறவங்களுக்கு கட்டாயம் சொல்லணும். மேல ஏறி கொஞ்ச நேரத்துலயே சத்தம் சட்டுனு ஒரு படி இறங்கும். எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாப்பாங்க, இஞ்சின் நின்னுருச்சோன்னு. ஒண்ணுமில்ல, ஏறும்போது முழு வேகத்துல சுத்துன ப்ரொபெல்லர நிமிஷத்துக்கு 1,200 சுத்துல இருந்து ஆயிரத்துக்கும் கீழ கொறைப்பாங்க, அவ்ளோதான். இது தெரிஞ்சுட்டா பாதி பயம் போயிரும்.

குறைய மறைக்க மாட்டேன். சத்தம் இருக்கு. காத்தாடிக்கு நேரா வர்ற முன்பக்க வரிசைங்கள்ல உக்காந்தா பக்கத்து ஆளுகிட்ட பேசுறதுக்கே குரல உசத்தணும், கூடவே ஒரு அதிர்வு காலுக்கு கீழ ஓடிக்கிட்டே இருக்கும், அதுக்கு பின் சீட்டுதான் மருந்து. பெரிய ட்ராலி பேக் மேல் ரேக்ல நுழையாது, வாசல்லயே வாங்கி லக்கேஜ்ல போட்டுருவாங்க, லேப்டாப்ப தனியா கையில எடுத்துக்கோங்க. டாய்லெட் பெரும்பாலும் பின்னாடி ஒண்ணே ஒண்ணு. வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் சொச்சம்தான், ஜெட் 800க்கு மேல போகும், ஆனா ஒரு மணி ஒன்றரை மணி நேர தூரத்துக்கு அதுல வர்ற வித்தியாசம் பத்து இருவது நிமிஷம், டெர்மினல்ல வரிசைல நிக்குற நேரம் அத விட ஜாஸ்தி. பறக்குற உயரமும் கம்மி, 25,000 அடிதான் உச்சம், அதனால மழக்காலத்துல மேகத்துக்கு மேல ஏறி தப்பிக்க முடியாது, சுத்திக்கிட்டோ உள்ள புகுந்தோதான் போகணும், ஐப்பசி கார்த்திகைல ஆட்டம் இருக்கும், தயாரா போங்க.

வேற ஒரு ஊருக்கு வேற ஒரு கம்பெனில போனப்ப, பேரு வேண்டாம், மத்தியான வெயில்ல கதவ சாத்திட்டு முக்கா மணி நேரம் உக்கார வச்சுட்டாங்க. ஓட்டல் மோடும் போடல, வெளிய இருந்து ஏசி வண்டியும் கொண்டு வரல, ஒரு கைக்குழந்த அழுது அழுது மொகமெல்லாம் செவந்து போச்சு, தண்ணி கூட கேட்டப்புறம்தான் குடுத்தாங்க. அத ப்ளைட்டோட குறைன்னு நான் எழுத மாட்டேன், ப்ளைட்ல வசதி இருக்கு, அத போட மனுஷனுக்கு மனசு வரல.

இப்ப கொஞ்சம் காசு கணக்கு, ஏன் கம்பெனிங்க இத விட மாட்டேங்குறாங்கன்னு புரியும். குறுகுன தூரத்துல ஜெட்ட விட டர்போப்ராப் எரிபொருள் ரொம்ப கம்மியா குடிக்கும், அதே அளவு ரீஜனல் ஜெட்டோட பாத்தா 40 சதவீதத்துக்கு மேல மிச்சம்னு ஏடிஆர் கம்பெனி சொல்லுது. நம்ம நாட்டுல அதுக்கு மேல ரெண்டு சலுக. 80 சீட்டுக்கு கீழ இருக்குற ப்ளைட்டுக்கு ஏர்போர்ட் அத்தாரிட்டி ஏர்போர்ட்டுங்கள்ல உள்நாட்டு சர்வீஸுக்கு லேண்டிங் சார்ஜ் கிடையாது, 40 டன்னுக்கு கீழ இருக்குற டர்போப்ராப்புக்கு எரிபொருள் வரியும் ரொம்ப கம்மி. ஏடிஆர் முழு பாரத்தோட 23 டன், இண்டிகோ இதுல போட்டிருக்குறது 78 சீட்டு, பொருத்தி பாத்துக்கோங்க. சின்ன ஊருங்களுக்கு ப்ளைட் விடுற உடான் திட்டத்துல 2017 ஏப்ரல்ல சிம்லாவுல மொத ப்ளைட்ட பிரதமர் கொடியசைச்சு அனுப்புனாரே, அது இதோட சின்ன சைஸ் ஏடிஆர் 42தான். நம்ம சேலத்துக்கு 2018ல ட்ரூஜெட் திரும்ப ப்ளைட் விட்டதும் ஏடிஆர் 72தான். புதுச்சேரிக்கு 2024 டிசம்பர்ல இண்டிகோ வந்ததும் இதுலதான். லட்சத்தீவு அகத்தி ரன்வே படம் பாத்திருக்கீங்களா, ரெண்டு முனையிலயும் கடல், நீளம் 1,200 மீட்டர் அளவுதான், அங்க போய் இறங்குறதும் இதே குடும்பம்தான்.

எல்லாத்தையும் விட என் மனசுக்கு நெருக்கமானது பலாலி. 2019 அக்டோபர்ல யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்னு தொறந்தாங்க, அடுத்த மாசமே சென்னைல இருந்து அலையன்ஸ் ஏரோட ஏடிஆர் 72 போச்சு. அது வரைக்கும் சென்னைல இருந்து யாழ்ப்பாணம் போறவங்க கொழும்புல இறங்கி ரோட்லயோ ரயில்லயோ பகல் பூரா வடக்க திரும்ப வரணும், கடல தாண்டுனா கூப்பிடு தூரத்துல இருக்குற ஊருக்கு. கொரோனால நின்னு போயி 2022 டிசம்பர்ல திரும்ப ஆரம்பிச்சுது, 2024 செப்டம்பர்ல இண்டிகோவும் வந்துச்சு, அதுவும் ஏடிஆர்தான். ரெண்டு கரையிலயும் சொந்தம் வச்சிருக்குற குடும்பங்களுக்கு ஒண்ணேகால் மணி நேரத்துல வீடு. பெரிய ப்ளைட்டுக்குன்னு காத்திருந்தா இது இன்னும் எத்தன வருஷம் தள்ளிப் போயிருக்குமோ.

உலகம் பூரா பாத்தாலும் இதே கததான், யாருக்கு தீவு, மல, சின்ன ஊரு இருக்கோ அவங்ககிட்ட ஏடிஆர் இருக்கும். ஏடிஆர் கம்பெனி கணக்குப்படி சுமார் 100 நாட்டுல 200 ஆபரேட்டருங்க. இந்தோனேசியாவுல லயன் குரூப்போட விங்ஸ் ஏர் ஏடிஆர்லயே வண்டி ஓட்டுது, அத்தன தீவுக்கும் வேற வழி ஏது. ஸ்பெயினோட கேனரி தீவுங்கள்ல பின்டர்னு ஒரு கம்பெனி, அங்க ஜனங்க நம்ம டவுன் பஸ் மாதிரி தீவு விட்டு தீவு வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இதுல போய் வர்றாங்க. பசிபிக்ல ஏர் டஹிட்டி, பிரேசில்ல அசுல், நியூசிலாந்துல ஏர் நியூசிலாந்து, தாய்லாந்துல சமூய் தீவுக்கு பேங்காக் ஏர்வேஸ், நேபாளத்துல புத்தா ஏர், எட்டி ஏர்லைன்ஸ். மலேசியால இருக்குற நம்ம ஆளுங்களுக்கு சுபாங்ல இருந்து பினாங்கு போற பயர்ஃப்ளைய சொன்னாலே போதும், அந்த சுபாங் ஏர்போர்ட்டே ரொம்ப வருஷம் டர்போப்ராப்புக்கு மட்டும்னு இருந்துச்சு. பார்சலுக்கும் ஃபெடெக்ஸ் கேட்டு 600 சீரிஸ்ல ஜன்னலே இல்லாத சரக்கு மாடல் பண்ணி 2020 கடைசில வாங்க ஆரம்பிச்சுட்டாங்க. போட்டிக்கு இருந்த க்யூ400 வேகத்துல இத விட நல்லாவே மேல, ஆனா அத பண்றத 2021ல நிறுத்திட்டாங்க, அதனால இந்த சைஸ்ல புதுசா வாங்கணும்னா இப்ப ஏடிஆர் வாசலுக்குத்தான் போகணும். அது எனக்கு நல்லதா படல, போட்டி இருந்தாத்தான சத்தத்த கொறைக்கணும் சீட்ட பெருசாக்கணும்னு தோணும்.

ராணுவம் கூட இத வச்சிருக்குங்கறது நெறைய பேருக்கு தெரியாது. இத்தாலி விமானப்படை சிசிலில சிகோனெல்லா தளத்துல பி72ஏன்னு நாலு வச்சிருக்கு, வயித்துல ரேடார், கூடவே கேமரா, கடல் மேல மணிக்கணக்குல சுத்தி கப்பல கண்காணிக்கிறது வேல. அதுக்கு முன்னாடி அவங்க வச்சிருந்தது அட்லான்டிக்னு ஒரு பழைய காத்தாடி ப்ளைட், அது 2017ல ரிட்டயர் ஆச்சு. அவங்க நாட்டு நிதி போலீஸ் கூட கடத்தல பிடிக்க இதே ப்ளைட்ல ஒரு மாடல் வாங்கியிருக்கு. துருக்கி கடற்படை ஒரு படி மேல போய் டார்பிடோ மாட்டி நீர்மூழ்கி தேடுற மாடலே வாங்கிருச்சு, மொத ப்ளைட் கைக்கு வந்தது 2020 டிசம்பர்ல. பாகிஸ்தான் கடற்படை பயணிகள் ப்ளைட்ட ஜெர்மனில குடுத்து மாத்தி ஸீ ஈகிள்னு பேரு வச்சு பறக்க விடுது. தாய்லாந்து விமானப்படைல ஆள் ஏத்துறதுக்கு இருக்கு. ஏன் இத தேடி வாங்குறாங்கன்னா மெதுவா தாழ்வா ரொம்ப நேரம் பறக்குறதுக்கு டர்போப்ராப் தோதானது, செலவு கம்மி, ஸ்பேர் பார்ட்ஸும் மெக்கானிக்கும் உலகத்துல எந்த மூலைலயும் கிடைக்கும். நம்ம கோஸ்ட் கார்டு, கடற்படை இந்த வேலைக்கு வச்சிருக்குறது கான்பூர் எச்ஏஎல்ல பண்ற டோர்னியர் 228, அதுவும் காத்தாடிதான். நம்ம விமானப்படை 56 வாங்குதே சி295, அதோட இஞ்சின் கூட ஏடிஆரோட அதே பிடபிள்யூ127 குடும்பம்தான். ராணுவமே நம்பி கடலுக்கு மேல அனுப்புற இஞ்சின்.

பாதுகாப்பு பத்தி பேசாம போனா இந்த ரிவ்யூ நேர்மையா இருக்காது. விபத்து நடந்திருக்கு. 1994 அக்டோபர் 31ல அமெரிக்கால ரோஸ்லான்ங்குற ஊர்ல அமெரிக்கன் ஈகிள் ஏடிஆர் 72 விழுந்து 68 பேரும் போயிட்டாங்க, றெக்கைல பனி படிஞ்சதுதான் காரணம். றெக்க முன் ஓரத்துல கருப்பு பட்டை ஒண்ணு ஓடும் பாருங்க, அது ரப்பர், காத்தடிச்சு உப்பி பனிய ஒடைச்சு தள்ளும். அந்த விபத்துக்கப்புறம் அத இன்னும் பின்னால வரைக்கும் அகலமாக்குனாங்க, பைலட்டுங்களுக்கு விதியும் மாத்துனாங்க. நம்ம ஊரு வெயில்லயும் அது சும்மா இல்ல, 18,000 அடில வெளிய பூஜ்யத்துக்கு கீழ குளிரு. 2015ல தைபேல ஒரு இஞ்சின் போனதும் பதட்டத்துல நல்லா இருந்த இன்னொரு இஞ்சின அணைச்சுட்டாங்க, ப்ளைட் விழுந்துருச்சு. 2023 ஜனவரில பொக்காரால எட்டி ப்ளைட், 72 பேரு, இறங்கும்போது றெக்கைல இருக்குற ப்ளாப்போட லிவர இழுக்குறதுக்கு பதிலா ப்ரொபெல்லரோட லிவர தவறா இழுத்துட்டாங்கன்னு விசாரணைல வந்துச்சு. 2024 ஆகஸ்ட்ல பிரேசில்ல வோபாஸ்ங்குற கம்பெனியோட ப்ளைட், 62 பேரு, அங்கயும் பனி படியுற வானிலை இருந்தது ஆரம்ப அறிக்கைல இருக்கு. இதெல்லாம் படிச்சுட்டும் நான் ஏறுறேன், அம்மாவயும் ஏத்துறேன். ஒரு இஞ்சின் போனாலும் இன்னொண்ணுல பறந்து வந்து இறங்கத்தான் இத பண்ணியிருக்காங்க. ஆனா இது ஆள விடாம கவனம் கேக்குற ப்ளைட், ஒரு நாளைக்கு ஆறேழு தடவ ஏறி இறங்குற வேல, அந்த பைலட்டுங்களுக்கு ட்ரெய்னிங்கும் தூக்கமும் ஒழுங்கா குடுக்குறாங்களான்னுதான் நாம கேக்கணும், காத்தாடி ஏன் இருக்குன்னு இல்ல.

சீட் எங்க போடணும்னு கேக்குறவங்களுக்கு, சீக்கிரம் இறங்கணும்னா கடைசி வரிச, ஏன்னா கதவு அங்கதான், சத்தமும் கம்மி. எனக்கு பிடிச்சது றெக்கைக்கு கொஞ்சம் பின்னாடி ஜன்னல். றெக்க தலைக்கு மேல இருக்குறதால கீழ எதுவும் மறைக்காது. வாகைகுளத்துல இறங்கும்போது ப்ளைட் வயித்துல இருந்து சக்கரம் வெளிய வந்து லாக் ஆகுறது கைக்கெட்டுற தூரத்துல தெரியும். கீழ உப்பளம் பாத்தி பாத்தியா, ஒண்ணு வெள்ள, ஒண்ணு பழுப்பு, ஒண்ணு லேசா ரோஸ், அப்புறம் செம்மண்ணு, பனை, ரோட்ல போற லாரி. அப்படியே தரை மேல வந்து சக்கரம் தொடுற நொடில லேசா புகை வரும், உடனே காத்தாடி பிளேடு திரும்பி ஒரு உறுமல், சீட்டோட சேத்து நம்மள முன்னால தள்ளும், ப்ளைட் நின்னுரும். போன தடவ அம்மா அந்த சக்கரத்தையே பாத்துட்டு வந்தாங்க. அடுத்த மாசம் செக்கப்புக்கு போகணும், இந்த தடவயும் அதே சீட்டே போடுன்னு இப்பவே சொல்லிட்டாங்க.